அண்ணன் மிதித்த மண்

போன வாரம் சுலோசனாவை ஓலைத் தட்டிக்குப் பக்கத்தில் நிற்க வைத்துவிட்டு வந்துவிட்டோம். பாவம், இந்தக் கதை ஆரம்பித்த நாளாக அவள் எங்கேயாவது நின்றுகொண்டேதான் இருக்கிறாள். கொஞ்சம் உட்கார வைக்கலாம் என்று பார்த்தால் அந்த வீட்டு ஆண்கள் விட்டால்தானே!

அவள் எதிர்பார்த்த பதில் ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்தது. தட்டிக்கு அந்தப் பக்கம் வாசல் பெருக்கிக்கொண்டிருந்த பொன்னி, துடைப்பத்தை நிறுத்தாமலே பேசினாள்.

“அவரு சரின்னுட்டாரு சுலோ. ஆனா ஒண்ணு.”

“இன்னாக்கா?”

“எங்க பக்கம் சிமெண்ட் போடக்கூடாதாம். குழி எடுத்து ஆணிய எறக்கிக்கலாம், மண்ணப் போட்டு மூடிக்கலாம். அவரு என்னைக்கு வேணாங்கிறாரோ அன்னைக்குப் புடுங்கிக்கினு போயிடணுமாம்.”

“இதுவே பெருசுக்கா” என்றாள் சுலோசனா. சொல்லும்போதே அலுப்பாக இருந்தது. ஒரு ஆணிக்காக ஒரு வாரம் தூது போயிருக்கிறாள்.

புதிதாகப் படிக்க வந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. மரக்காணத்தில் உப்பளத்துக்குப் போகும் சாலையில் ஒரே மனையில் இரண்டு வீடுகள். கடல் பக்கத்து வீடு அண்ணன் மணிவண்ணனுடையது. உப்பளத்தில் மேஸ்திரி. பொன்னி அவர் மனைவி. இந்தப் பக்கத்து வீடு தம்பி அசோகனுடையது. டெலிபோன் லைன்மேன். சுலோசனா அவன் மனைவி. நடுவில் இருக்கிறதே ஓலைத் தட்டி, அது அண்ணன் மகள் இலக்கியாவின் கல்யாணம் முடிந்த மறுநாள் முளைத்தது.

சுனாமி அடித்த அடுத்த தை மாதத்தில் அந்தக் கல்யாணம். நிவாரண வேலைக்காக, போன் அறுந்துபோன ஊர்களிலிருந்து சொந்த ரேடியோவில் செய்தி அனுப்ப வந்த ஹாம் ரேடியோக்காரர்களுக்கு ஒத்தாசையாக நாகப்பட்டினம் வரை போன அசோகன், பந்தக்கால் நடவும் வரவில்லை, தாலி கட்டும்போதும் வரவில்லை. வண்டி கிடைக்காமல் பந்தி முடிந்த பிறகு வந்து நின்றான். அதற்குள் மாப்பிள்ளையின் அம்மா மண்டபத்தில் நாலு பேர் காதில் விழும்படி கேட்டுவிட்டாள், “பொண்ணோட சித்தப்பனுக்கே இந்தச் சம்பந்தம் புடிக்கலையா?” என்று.

மணிவண்ணன் தம்பியைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் அந்த வாரமே தீர்ந்திருக்கும். ஓலை வாங்கி வந்து தட்டி கட்டினார், அவ்வளவுதான். ஒன்றரை வருடமாக அண்ணனும் தம்பியும் பேசிக்கொள்வதில்லை.

அசோகனுக்கோ நாகப்பட்டினத்தில் பிடித்த ரேடியோ பித்து விடவில்லை. பரீட்சை எழுதினான். டெல்லியிலிருந்து லைசென்ஸ் வந்தது. இப்போது ஏரியல் கட்ட வீட்டு வாசலோரம் டவர் நிறுத்த வேண்டும். ஆடி பிறந்துவிட்டால் காற்றும் கிளம்பிவிடும், நல்ல காரியமும் தொடங்க முடியாது. டவரை மூன்று பக்கமும் ஸ்டே கம்பி கட்டி, தரையில் இறக்கிய ஆணிகளில் மாட்டி இழுத்துப் பிடித்தால்தான் நிற்கும். இரண்டு கம்பிகளுக்கு அவன் பக்கத்தில் இடம் இருந்தது. சிமெண்ட் போட்டு ஆணி இறக்கி, அது காய்ந்தும் விட்டது. மூன்றாவது, எப்படிச் சுற்றிப் பார்த்தாலும் அண்ணன் வாசலில் போய் விழுந்தது.

சுலோசனாவுக்கு டவரைப் பற்றிப் பெரிய கவலை ஒன்றும் இல்லை. வருகிற வெள்ளிக்கிழமை இலக்கியாவுக்கு வளைகாப்பு. தெரு முழுக்க அழைத்தாகிவிட்டது. பக்கத்து வீட்டை மட்டும் அழைக்கவில்லை. சுலோசனாவுக்குப் பிள்ளை இல்லை. இலக்கியா தவழ்ந்தது, முதல் சோறு தின்றது, சடங்காகி உட்கார்ந்தது எல்லாம் இந்த வீட்டிலும்தான். அந்தப் பெண் இப்போது வயிற்றைத் தள்ளிக்கொண்டு தட்டிக்கு அந்தப் பக்கம் நடமாடுவதை ஓலைச் சந்து வழியாகப் பார்த்துக்கொண்டிருக்கிறாள் சித்திக்காரி. ஆணிக்கு இடம் கிடைத்தால் அழைப்பும் பின்னாலேயே வந்துவிடாதா என்று ஒரு நப்பாசை. அதனால்தான் அவ்வளவு தூது.

*

முன்பே சொல்லி வைத்திருந்தபடி, அன்று காலைப் பஸ்ஸில் புதுச்சேரியிலிருந்து தட்சணாமூர்த்தி வந்து இறங்கினார். கடிகாரக் கடை வைத்திருப்பவர், பழைய ஹாம், அசோகனைப் பரீட்சைக்குத் தயார் செய்தவர். தோளில் செம்புக் கம்பிச் சுருள். சற்று நேரத்தில் மரியதாஸ் உப்பளத்து ஆட்கள் சிலரோடு வந்தான். அசோகனோடு பள்ளிக்கூடத்தில் படித்தவன். கையில் அனுமந்தையில் வாங்கிய சங்கரா மீன்.

“அண்ணி, குழம்பு உங்க பொறுப்பு. டவரு எங்க பொறுப்பு.”

“எல்லாம் என் பொறுப்புதான். கொண்டா இப்படி” என்று மீனை வாங்கிக்கொண்டாள் சுலோசனா. வார நாளெல்லாம் சத்துணவுக் கூடத்தில் அடுப்படி. ஞாயிற்றுக்கிழமை இங்கே அடுப்படி. இடத்துக்கு மட்டும்தான் மாற்றம்.

டவரைத் தூக்குவதற்கு முன்னால் அதன் காலில் ஒரு மஞ்சள் துணியைக் கட்டிக் குங்குமம் வைத்தாள். யாரும் சொல்லவில்லை. கம்பம் நட்டால் அப்படிச் செய்வது கை பழக்கம்.

தட்டிக்கு அந்தப் பக்கம் மணிவண்ணன் தொண்டையைக் கனைத்தார். பேசாதவர்கள் பேசுவதற்கு இந்த வீட்டில் ஒரு வழி உண்டு. பெண்டாட்டியிடம் சொல்வதுபோல் ஊருக்குக் கேட்கச் சொல்வார்கள்.

“பார்த்தியா பொன்னி, வீட்டுப் பொண்ணு பந்தக்காலுக்கு வராதவரு, இரும்புக் கம்பத்துக்கு மஞ்சத்துணி கட்டறாரு.”

இந்தப் பக்கம் அசோகன் ஸ்பானரைத் துடைத்தான். துடைத்ததையே மறுபடி துடைத்தான்.

*

மூன்றாவது ஆணிக்கு அண்ணன் வாசலில் மரியதாஸ் குழி எடுத்தான். அந்த மண்ணில் ஆழமாகப் போக முடியாது. கொஞ்சம் தோண்டினாலே உப்புத் தண்ணீர் ஊறும். நீளமான இரும்பு ஆணியைச் சாய்வாக இறக்கி, களிமண்ணை அள்ளிப் போட்டு, ஆட்களோடு மிதிக்க ஆரம்பித்தான். சிமெண்ட் கூடாது என்றால் உப்பளத்துக்காரனுக்குத் தெரிந்தது மிதிப்பதுதானே. பாத்தியில் தண்ணீர் கட்டுவதற்கு முன்னால் தரையை மிதித்து மிதித்துத்தான் இறுக்குவார்கள். மணிவண்ணன் மிதித்த பாத்தியில் ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே இறங்காது என்று அந்த வட்டாரத்தில் பேச்சு.

அவர் வாசலில் நின்று பார்த்தார். பொறுத்துப் பொறுத்துப் பார்த்தார்.

“குதிகால்ல மிதிக்கறான் பாரு பொன்னி! இவனுக்கெல்லாம் அளத்துல கூலி குடுக்கறேன் பாரு, என்னைச் சொல்லணும்.”

“மேஸ்திரி, நீங்களே வந்து மிதிங்களேன்” என்றான் மரியதாஸ், விளையாட்டாக.

மணிவண்ணன் லுங்கியைத் தூக்கிக் கட்டினார். குழிக்கு வந்தார். மண்ணில் தண்ணீர் தெளித்தார். முன்காலால் ஓரத்திலிருந்து சுற்றிச் சுற்றி நடுவுக்கு மிதித்துக்கொண்டு வந்தார். மேலே மண், மறுபடி தண்ணீர், மறுபடி மிதி. இந்தப் பக்கமும் பார்க்கவில்லை, அந்தப் பக்கமும் பார்க்கவில்லை. சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

அசோகன் கம்பியைக் கையில் வைத்துக்கொண்டு அண்ணனின் கால்களையே பார்த்துக்கொண்டு நின்றான். தட்சணாமூர்த்தி அவன் காதோரம் குனிந்து ஏதோ சொன்னார். அசோகன் சட்டென்று அவர் கையைப் பிடித்து அழுத்தினான். அவர் பேச்சை நிறுத்திக்கொண்டார். குழம்புக் கரண்டியோடு வாசலுக்கு வந்த சுலோசனா அதைப் பார்த்தாள். என்ன ரகசியமோ, இவர்கள் ரேடியோ சமாசாரம் என்று உள்ளே போய்விட்டாள்.

மணிவண்ணன் வேலையை முடித்து, அந்த இடத்தில் ஏறி நின்று குதித்துக் காட்டினார்.

“இதுல யானையக் கட்டலாம் பொன்னி.”

ஒன்றரை வருடத்தில் அண்ணன் தம்பிக்காகச் செய்த முதல் காரியம் அது. சுலோசனாவுக்கு அடுப்படியில் கண் கலங்கியது. வெங்காயம் எப்போதோ அரிந்து முடித்தாகிவிட்டது, அதன்மேல் பழி போடவும் வழியில்லை.

*

டவர் நின்றது. ‘ஏலேலோ’ போடாத குறையாகக் கயிறு கட்டி இழுத்து, மூன்று கம்பிகளையும் முறுக்கி, நிமிர்த்திவிட்டார்கள். தென்னை உயரத்துக்கு இருந்தது. சாப்பாடு ஆனது. மீன் குழம்பை எல்லோரும் புகழ்ந்தார்கள். புகழ்ந்தவர்களில் ஒருத்தரும் தட்டை எடுத்து வைக்கவில்லை.

மாலையில் கடல் காற்று எழும்பியது. உச்சியில் கப்பியை மாட்டி ஏரியல் கம்பியை ஏற்றினால் வேலை முடிந்தது. இடுப்பில் லைன்மேன் பெல்ட்டைக் கட்டிக்கொண்டு அசோகன் ஏறினான்.

“காத்து அடங்கட்டுமேப்பா. நாளைக்குப் பார்த்துக்கலாம்” என்றார் தட்சணாமூர்த்தி.

“வேணாம்ண்ணா. இன்னைக்கே முடிச்சிடுவோம்.”

உச்சிக்குப் போய் பெல்ட்டை மாட்டிக்கொண்டு கப்பியைக் கையில் எடுத்தான். காற்று ஒரு தள்ளுத் தள்ளியது.

கடல் பக்கத்து வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த இலக்கியாதான் முதலில் பார்த்தாள். அவள் பாதத்துக்கு நாலடி தள்ளி, அப்பா மிதித்த மண்ணிலிருந்து ஆணி மெதுவாக மேலே வந்துகொண்டிருந்தது. மண் வெடிக்கவில்லை, சரியவில்லை. வாழைப்பழத்திலிருந்து ஊசியை உருவுவதுபோல் வழுக்கிக்கொண்டு வந்தது.

“அப்பா! ஆணி வருதுப்பா! சித்தப்பா மேல இருக்குது!”

டவர் மேற்கே சாய்ந்தது. சுலோசனா கையிலிருந்த குடத்தை அப்படியே போட்டுவிட்டு ஓடினாள். ஓடி என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியாது. வீட்டுக்காரன் அந்தரத்தில் தொங்குகிறான், இவள் கீழே இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு நிற்கிறாள். தாங்கிப் பிடித்துவிடுவாளாம்!

ஆணி முழுவதும் பிடுங்கிக்கொண்டு எகிறியபோது மணிவண்ணன் வந்து கம்பியின்மேல் விழுந்தார். இரண்டு கைகளாலும் பிடித்து, குதிகாலைத் தரையில் ஊன்றிப் பின்னால் சாய்ந்தார். காற்று அவரை வாசல் நெடுக இழுத்தது. கம்பி உள்ளங்கையைக் கிழித்துக்கொண்டு ஓடியது.

“டேய் அசோகா!” என்று கத்தினார். “அசையாதடா! அப்படியே இருடா!”

பொன்னியிடம் சொல்லவில்லை. தம்பியிடம் சொன்னார்.

“மரியதாசு, எங்கடா போய்த் தொலைஞ்ச! தூணுல சுத்துடா! போர்டிகோ தூணுல சுத்து!”

மரியதாஸும் ஆட்களும் ஓடி வந்து பிடித்தார்கள். கம்பியின் முனையை மணிவண்ணன் வீட்டுப் போர்டிகோ தூணில் சுற்றி, சுற்றியதன்மேல் மறுபடி சுற்றி, முடிச்சிட்டார்கள். டவர் நின்றது. கொஞ்சம் கோணலாக, ஆனால் நின்றது.

“இப்ப எறங்கு. மெதுவா. அவசரப்படாத” என்றார் மணிவண்ணன். தூணில் கட்டிய பிறகும் அவர் கம்பியை விடவில்லை. தம்பியின் கால் தரையில் படும்வரைக்கும் விடவில்லை.

*

எல்லோரும் தட்டியைச் சுற்றிக்கொண்டு அண்ணன் வாசலுக்கு வந்துவிட்டார்கள். சுலோசனா மணிவண்ணன் கையை மஞ்சள் தண்ணீரில் கழுவினாள். இரண்டு உள்ளங்கையிலும் சதை பிளந்திருந்தது. அவர் கையைப் பார்க்கவே இல்லை. குழியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். மிதித்த மண் மிதித்தபடியே இருந்தது. ஆணி இருந்த இடத்தில் மட்டும் பளபளவென்று ஒரு துளை.

“இன்னாடா இது” என்றார், யாரிடம் என்றில்லாமல். “யானைய நிறுத்தினாலும் தாங்குமே.”

தட்சணாமூர்த்திக்கு இன்னும் படபடப்பு அடங்கவில்லை. “நிறுத்தினா தாங்கும்ங்க. பாத்தியில பாரம் மேலேர்ந்து கீழ வருது. இது கீழேர்ந்து மேல இழுக்கற வேலையாச்சே. ஈரக் களிமண்ணு வழுக்கி வுட்டுடும். நான் அப்பவே இவருகிட்ட சொன்னேன். இவருதான் என் கையப் புடிச்சி...”

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

மணிவண்ணன் தம்பி பக்கம் திரும்பினார்.

“தெரியுமா உனக்கு?”

அசோகன் இடுப்பு பெல்ட்டை அவிழ்த்தான்.

“தெரிஞ்சேவா ஏறின?”

“நீ மிதிச்சண்ணா” என்றான் அசோகன். “இத்தினி நாள் கழிச்சி நீயா வந்து மிதிச்ச. அத சரியில்லன்னு நான் எப்படிச் சொல்லுவேன்?”

மணிவண்ணன் தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைக்கப் போனவர், கை எரிந்ததும் அப்படியே நிறுத்திவிட்டார்.

பேசியது சுலோசனாதான். இத்தனை மாதங்களாகத் தூதுக்கு மட்டும் வாயைத் திறந்த சுலோசனா.

“நல்லாருக்குதுங்க உங்க நியாயம்! அண்ணங்கிட்ட ஒரு வார்த்தை பேச முடியாது, ஆனா அண்ணனுக்காவ வுழுந்து சாவ முடியுமா? மாமா, நீங்க மட்டும் இன்னா! சிமெண்ட் வேணாம், சிமெண்ட் வேணாம்னு புடிச்ச புடியில நின்னீங்களே, இப்ப உங்க கையப் பாருங்க! உங்க ரெண்டு பேரு நடுவுல நடந்து நடந்து என் காலு போச்சு. என்னால முடியாது. இனிமே ஒருத்தரு சொல்றத ஒருத்தருகிட்ட நான் சொல்ல மாட்டேன். நீங்களே பேசிக்குங்க, இல்லன்னா செத்துப் போங்க!”

சொல்லிவிட்டு விறுவிறுவென்று தன் பக்கத்துக்கு நடந்து, மண்ணில், தட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். கடைசியில் உட்கார்ந்துவிட்டாள்.



“மரியதாசு” என்றார் மணிவண்ணன். “அந்தக் குழிய அகலமா எடு. சிமெண்ட் கலக்கு.”

“மேஸ்திரி, இன்னைக்குப் போட்டா ஒரு வாரமாவது காயணும். அதுவரைக்கும் கம்பி உங்க தூணுலதான் இருக்கணும்.”

“இருக்கட்டும்.”

பொன்னி தயங்கித் தயங்கிக் கேட்டாள். “ஏங்க, வெள்ளிக்கிழமை பந்தல் போடணுமே. கம்பி வாசலுக்குக் குறுக்க போவுதே.”

மணிவண்ணன் கம்பியைப் பார்த்தார். அது அவர் தூணிலிருந்து கிளம்பி, தட்டிக்கு மேலாகப் போய், தம்பி வீட்டு டவரில் சேர்ந்திருந்தது.

“தட்டிய எடுத்துடு. கம்பிய நடுவுல வுட்டு ரெண்டு வாசலுக்கும் சேர்த்து ஒரே பந்தலாப் போட்டுடலாம்.” பிறகு, தம்பியைப் பார்க்காமல், ஆனால் தம்பியிடம் சொன்னார். “பந்தக்காலுக்கு இந்தத் தடவையாவது வந்து சேரு.”

அசோகன் தலையை மட்டும் ஆட்டினான். பேசினால் அழுதுவிடுவான் என்று எல்லோருக்கும் தெரிந்தது, அதனால் யாரும் அவனைப் பார்க்கவில்லை.

இலக்கியா நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். தட்டியில் இரண்டு ஓலையை விலக்கிக்கொண்டு, இடுப்பைப் பிடித்தபடி, சித்தி உட்கார்ந்திருந்த இடத்துக்கு வந்தாள்.

“சித்தி, எனக்கு மொத வளையல் நீதான் போடணும்.”

சுலோசனா நிமிர்ந்து பார்த்தாள். மணிவண்ணன் வெடுக்கென்று திரும்பி மனைவியைப் பார்த்தார். பொன்னி தரையைப் பார்த்தாள். பிள்ளை பெறாதவள் கையால் முதல் வளையலா? மண்டபத்தில் நாலு பேருக்குக் கேட்கப் பேசிய அந்தச் சம்பந்தியம்மா, வெள்ளிக்கிழமை முதல் வரிசையில் உட்கார்ந்திருப்பாளே!

“இன்னா எல்லாரும் வாய மூடிக்கினீங்க? நான் கேக்கறேன் இல்ல?” என்றாள் இலக்கியா.

பொன்னி மெதுவாக, “மாப்பிள்ளை வீட்டுல ஒரு வார்த்தை கேட்டுட்டு...” என்று இழுத்தாள்.

சுலோசனா கையை ஊன்றி எழுந்தாள். பின்புடவையில் ஒட்டிய மண்ணைத் தட்டினாள். இலக்கியாவின் நெற்றியில் கலைந்திருந்த முடியை ஒதுக்கிவிட்டாள்.

“மொதல்ல சிமெண்ட் காயட்டும்டி” என்றாள். கீழே போட்ட குடத்தை எடுத்துக்கொண்டு, கழுவ வேண்டிய தட்டுகளைப் பார்க்கப் போனாள்.